காமிக்ஸுக்கும் ஓர் அலமாரி: செட்டிநாட்டு நூலகப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நம் பக்கத்து ஊர்களில் பள்ளியும் நூலகமும் நடத்திவரும் அறக்கட்டளைப் பெரியவர்களுக்கும், புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் இருக்கும் ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

நான் காரைக்குடிப் பக்கம் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கோடு போடவும் நிழல் தீட்டவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்த மடலை எழுதத் தூண்டியது சமீபத்தில் நடந்த ஒரு காரியம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பங்கு பிரித்தபோது, காலமான பெரியவர் சின்ன வயதிலிருந்து சேர்த்துவைத்த காமிக்ஸ் கட்டுகள் மச்சில் கிடைத்தன. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், பூந்தளிர் எல்லாம் ஆண்டுவாரியாக அடுக்கி, சணல் போட்டுக் கட்டியிருந்தார். பிள்ளைகள் படிக்கட்டும் என்று வீட்டார் ஒரு நூலகத்துக்குக் கொண்டுபோனார்கள். “இதெல்லாம் பொம்மைப் புத்தகம், நல்ல புத்தகம் இருந்தால் கொடுங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த நூலகம் என்று சொல்ல வேண்டியதில்லை. வேறு எங்கே போயிருந்தாலும் அநேகமாக இதே பதில்தான் கிடைத்திருக்கும். கடைசியில் அந்தக் கட்டுகள் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போய்விட்டன. எனக்குத் தகவல் தெரிந்து நான் போய்க் கேட்டபோது லோடு ஏற்றி அனுப்பியாகிவிட்டது.

போனது போகட்டும். காமிக்ஸ் ஓவியக் கலையின் ஒரு கிளை, அதை ஓவியமாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உங்களிடம் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன். அப்படியே உங்கள் நூலகங்களில், கலைப் புத்தகங்கள் இருக்கும் வரிசையில், அதற்கு ஓர் அலமாரியும் கேட்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தபோது முதல் இதழாக வந்தது ‘இரும்புக்கை மாயாவி’. உங்களில் பலர் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துவைத்துப் படித்திருப்பீர்கள். மூலத்தொடர் 1962இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதன் பக்கங்களை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன்தான் நாயகன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக்கை மட்டும் தெரியும். இதை வரைய வேண்டியவரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாயகனுக்கு முகமே கிடையாது. கோபத்தையும் பதற்றத்தையும் கண்ணிலோ புருவத்திலோ காட்ட வழியில்லை. அந்தரத்தில் நிற்கும் ஒரு கையை வைத்தே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். பிளாஸ்கோ சொல்லிவிடுகிறார். கதவின் கைப்பிடியை நெருங்கும்போது விரல்கள் மெல்ல மடங்குகின்றன. துப்பாக்கிக் குழாயைப் பிடிக்கும்போது மணிக்கட்டு முறுக்கேறுகிறது. சுற்றியிருப்பவர்களின் மிரண்ட முகங்களை வைத்தே நடுவில் இல்லாத ஆளின் உயரமும் நிற்கும் தோரணையும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

அந்தப் பக்கங்களில் கறுப்பு மையை அவர் கையாண்ட விதம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். முகத்தின் ஒரு பாதியை முழுக் கறுப்பில் விட்டுவிடுவார். மறுபாதியில் நாலைந்து கோடுதான் இருக்கும். ஆனால் எலும்பு எங்கே மேடாகிறது, கன்னம் எங்கே குழிகிறது என்று கைவைத்துத் தடவிப் பார்த்ததுபோல இருக்கும். என் மாணவர்களுக்கு நிழல் பாடம் எடுக்கும்போது இதைத்தான் காட்டுகிறேன். சாம்பல் நிறமே இல்லாமல், வெறும் கறுப்பும் வெறும் வெள்ளையும் வைத்துக்கொண்டு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்வது லேசான காரியமில்லை. பென்சிலை வைத்துத் தேய்த்துக்கொண்டே போய் நிழல் போட்டுவிடலாம். மையில் ஒரு கோடு தப்பினால் அழிக்க முடியாது.

இனி, காமிக்ஸுக்கே உரிய வித்தைக்கு வருகிறேன். தனி ஓவியம் ஒரு கணத்தைக் காட்டும். சினிமா காலத்தைத் தன் வேகத்தில் ஓட்டும். காமிக்ஸ் காலத்தை இடமாக்கித் தாளில் பரப்பிவைக்கிறது. அகலமான கட்டம் வந்தால் கண் நிற்கிறது, காலம் மெதுவாகிறது. ஒல்லியான கட்டங்களை நெருக்கி அடுக்கினால் மூச்சு வாங்குகிறது. ஒரு பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் யாரோ கதவைத் தட்டுவார்கள். வந்தது யார் என்று தெரிய நீங்களேதான் தாளைப் புரட்டியாக வேண்டும். ஓவியர் அந்தப் புரட்டலையும் கணக்கில் வைத்துத்தான் பக்கத்தை அமைக்கிறார்.

கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியை நாம் கவனிப்பதே இல்லை. பாதி வேலை நடப்பது அங்கேதான். ஒரு கட்டத்தில் ஆத்தா கிணற்றில் வாளியை இறக்குகிறாள். அடுத்த கட்டத்தில் அறுந்த கயிறு ராட்டினத்தில் ஆடுகிறது. கயிறு அறுந்ததை யாரும் வரையவில்லை. வாளி தண்ணீரில் விழுந்த சத்தத்தையும் யாரும் எழுதவில்லை. இரண்டையும் வாசகனே தன் மனதில் நடத்திக்கொள்கிறான். இந்த இடைவெளி உட்பட, காமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்ளவுட் 1993இல் ஒரு முழுப் புத்தகமே போட்டார், அதையும் காமிக்ஸ் வடிவத்திலேயே. அவருக்கு முன்பே, 1985இல், இன்னொரு அமெரிக்க ஓவியரான வில் ஐஸ்னர் தாம் வகுப்பில் கற்றுக்கொடுத்ததையெல்லாம் தொகுத்து, காமிக்ஸை வரிசைக் கலை என்று வகுத்துக் காட்டியிருந்தார். அவர் சும்மா பேசியவர் இல்லை. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பு மனிதர்களைப் பற்றி 1978இல் அவர் வரைந்த நூல்தான் ‘கிராஃபிக் நாவல்’ என்ற பெயரைப் பரவலாக நிலைநாட்டியது.

என் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. பிள்ளையார்பட்டித் தேரோட்டத்தை நாலே கட்டத்தில் சொல்லுங்கள், எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பேன். எடுத்த எடுப்பில் எல்லோரும் தேரையே நாலு தடவை வரைவார்கள். அப்புறம் ஒரு பிள்ளை வடத்தைப் பிடித்த கைகளை மட்டும் வரையும். இன்னொரு பிள்ளை முதல் கட்டத்தில் வெறும் தெரு, இரண்டில் தூரத்தில் கலசம், மூன்றில் கட்டம் முழுக்கத் தேர்ச்சக்கரம், நாலில் மறுபடி வெறும் தெரு, மண்ணில் வடம் இழுபட்ட தடம் என்று போடும். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று ஒரு குழந்தை தானாக முடிவு செய்யும் அந்த இடத்தில் கலை தொடங்கிவிடுகிறது. உங்கள் பள்ளிகளில் இதைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

கோட்டின் வகைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘எல்லாம் ஒரே மாதிரிப் பொம்மைதானே’ என்பவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். பெல்ஜியத்து ஹெர்ஜே 1929இல் டின்டின் என்ற காமிக்ஸ் தொடரை வரையத் தொடங்கினார். அவர் கைக்குப் படிந்த பாணியில் கோடு எங்கும் ஒரே கனம். நிழல் அநேகமாக இருக்காது. கோட்டுக்குள் சுத்தமான தட்டை நிறம். ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறக் கலவையை ஊற்றுகிறார்களே, அதுபோல ஒரு நிறம் அடுத்ததில் கசியாமல் தன் எல்லைக்குள் நிற்கும். பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் தவறான கோடு ஒளிந்துகொள்ள அதில் இடமே இல்லை.

இதற்கு நேர் எதிரான ஆள் பிரான்சின் ழான் ஜிரோ. நம் ஊர் வாசகர்களுக்கு ‘கேப்டன் டைகர்’ என்று அறிமுகமான கௌபாய் தொடரை, ழான்-மிஷேல் ஷார்லியே எழுத, 1963 முதல் வரைந்தவர் அவர். பாலைவனத்தின் புழுதியும் வெயிலில் வெடித்த தோலும் கல்லின் சொரசொரப்பும் ஆயிரக்கணக்கான சின்னக் கீறல்களில் எழுந்து நிற்கும். நாயகனின் சட்டை கதை போகப் போக அழுக்காகும், முகத்தில் தாடி வளரும். இதே மனிதர் மோபியஸ் என்று கையெழுத்துப் போட்டு வரைந்த விண்வெளிக் கதைகளில் கோடு மெலிந்து, காற்றோட்டமாகி, வேறொரு கை வரைந்ததுபோல ஆகிவிடுகிறது. பிரான்சில் காமிக்ஸை ஒன்பதாவது கலை என்கிறார்கள். அங்கூலேம் என்ற சிறு நகரத்தில் 1974 முதல் அதற்கு விழா எடுக்கிறார்கள். ஓவியர்கள் அங்கே எத்தனை மரியாதையோடு நடத்தப்படுகிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம் நம் படக்கதை ஓவியர்களை நினைத்துக்கொள்கிறேன். 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவின் கட்டங்களை அன்றாடம் காலையில் பார்க்காத வீடு நம் பக்கம் எத்தனை இருக்கும்? அதை வரைந்த கைகளின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2011இல் அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பீமாயணம்’ வந்தது. வரைந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும். கதையைச் சதுரக் கட்டங்களில் அடைத்துவைக்க மாட்டோம் என்று சொல்லி, தங்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடும் வளைந்த கோலக் கோடுகளால் பக்கத்தைப் பிரித்தார்கள். பேச்சுக்கான பலூனையும் மாற்றினார்கள். அன்பாகப் பேசுகிறவர்களின் சொல் பறவை வடிவத்தில் இருக்கும். தீண்டாமை பேசுகிறவர்களின் சொல்லுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். எழுத்தைப் படிப்பதற்கு முன்பே அந்தச் சொல் கொட்டப்போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. எழுத்து மட்டும் இருக்கும் புத்தகத்தில் இதைச் செய்ய முடியாது. படம் மட்டும் இருந்தாலும் முடியாது.

இப்போது உங்கள் வீட்டுக்குள் வருகிறேன். படங்களை வரிசையாகப் படிக்கும் பழக்கம் நமக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராசரைத் திருவாரூருக்குக் கொண்டுவந்த கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. முசுகுந்தன் ஒரே ஆள்தான், ஆனால் காட்சிக்குக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறான். கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறது. வரைந்த சிங்காதனம் என்பவர் தம் பெயரையும் அங்கே விட்டுப் போயிருக்கிறார். நமக்குப் பக்கத்திலேயே ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில், சேதுபதிகள் காலத்து 18ஆம் நூற்றாண்டுச் சுவர்களில் ராமாயணம் ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் இன்னொரு பக்கம், அரண்மனை வாழ்க்கை வேறொரு பக்கம் என்று வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒரு காமிக்ஸ் வாசகனைக் கொண்டுபோய் அந்தச் சுவரின் முன் நிறுத்தினால், எங்கே தொடங்கி எப்படிப் போக வேண்டும் என்று அவன் கண்ணே கண்டுகொள்ளும்.

நம் வீடுகளையே எடுத்துக்கொள்வோம். முகப்பு வாசலின் பர்மாத் தேக்கு நிலையில் ராமன் பட்டாபிஷேகமும் கண்ணன் லீலைகளும் செதுக்கியிருக்கின்றன. வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றி மேல்சுவரில் ஓவியங்கள் இருக்கின்றன. பட்டாலையில் ரவிவர்மா அச்சுப்படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ரவிவர்மா படம் இந்த வீடுகளுக்கு வந்தபோது அதுவும் அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடித்து விற்ற மலிவுத் தாள்தான். அதற்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்துப் போற்றியவர்கள் உங்கள் பாட்டனார்கள். தாள் மலிவாக இருந்தால் அதில் இருக்கும் ஓவியமும் மலிவாகிவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் எனக்கு மனசு கனத்துவிடுகிறது. எங்கோ ஒரு வீட்டை இடித்தபோது வந்த மரச்செதுக்கு ஒன்று தனியாகத் தொங்கும். அனுமன் கையில் கணையாழி இருக்கும். அதை வாங்கிக்கொள்ள எதிரே சீதை இருக்க மாட்டாள். அடுத்த துண்டை வேறு யாரோ வாங்கிப்போய் வேறு எங்கோ மாட்டியிருப்பார்கள். வரிசையாகப் படிக்க வேண்டிய கதையைக் கட்டம் கட்டமாகப் பிய்த்து விற்றுவிட்டோம். மிச்சம் இருப்பதையாவது, எந்தச் சுவரில் எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் என்ற வரிசை மாறாமல் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். படங்களை வரிசையாகப் படிக்கப் பழகிய பிள்ளைகள் அந்த வேலையை நன்றாகச் செய்வார்கள் என்பது என் நம்பிக்கை.

இந்த மண்ணுக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. மற்றவர்கள் குப்பை என்றதைக் காப்பாற்றி வைத்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தார். அவர் 1992இல் காலமான பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்கிறவர்கள் அங்கே போகாமல் இருக்க முடியாது. சினிமாப் பாட்டுப் புத்தகத்தை அன்று எந்த நூலகம் வாங்கிவைத்திருக்கும்? சினிமாவையே அப்போது பெரிய மனிதர்கள் மதிக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில், ஸ்டுடியோ போட்டுப் படம் எடுத்தார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானதுதான்.

பிள்ளைகளுக்காக எழுதியவர்களிலும் நம் பக்கத்தவர்கள் குறைவில்லை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா ராயவரத்துக்காரர். அவருக்கு வேலை கொடுத்த சக்தி காரியாலயம் என்ற பதிப்பகத்தின் வை. கோவிந்தனும் அதே ஊர். கதைகளோடு நூற்றுக்கணக்கான சித்திரக்கதைப் பக்கங்களுக்கு எழுத்து கொடுத்து, பூந்தளிரின் ஆசிரியராகவும் இருந்த வாண்டுமாமா, 1925இல் பிறந்தது அரிமழத்தில். எடைக்குப் போன அந்தக் கட்டுகளில் அவருடைய இதழ்களும் இருந்தன. பக்கத்து ஊர்க்காரரின் வாழ்நாள் உழைப்பு என்று தெரியாமலேயே கொடுத்துவிட்டோம்.

அந்த இதழ்கள் மறுபடி கிடைப்பது எளிதில்லை. மட்டமான நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சானவை. வெயில் பட்டால் மஞ்சளாகி, மடித்த இடத்தில் ஒடிந்துவிடும். பத்திரமாக வைத்திருப்பவை தனியார் சேகரிப்புகள்தான். அந்தச் சேகரிப்பாளர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். வீட்டைப் பூட்டும்போதோ பங்கு பிரிக்கும்போதோ முதலில் வெளியே போவது பழைய தாள்தான்.

உங்கள் தயக்கங்களும் எனக்குத் தெரியும். படம் பார்த்துப் பழகினால் எழுத்தைப் படிக்க மாட்டார்கள் என்பது ஒன்று. நான் பார்த்தவரை, எழுத்துக்கூட்டிப் படிக்கவே பயந்த பிள்ளைகள் பலூனுக்குள் இருக்கும் இரண்டு வரியைத் தைரியமாகப் படிக்கிறார்கள். ஆனால் இந்த வாதத்தை நான் அதிகம் நம்பியிருக்க விரும்பவில்லை. எழுத்துக்கு ஏணி என்பதற்காக மட்டும் காமிக்ஸை வைத்தால், ஏறியவுடன் ஏணியைத் தள்ளிவிடச் சொல்வீர்கள். ஓவியம் என்பதற்காகவே வையுங்கள்.

சண்டையும் துப்பாக்கியும் அதிகம், அரைகுறை ஆடையில் பெண்களை வரைகிறார்கள் என்பது இன்னொன்று. அப்படிப்பட்டவை இருக்கின்றன, மறுக்கவில்லை. செவ்விந்தியர்களையும் ஆப்பிரிக்க மக்களையும் கேவலமாக வரைந்த பழைய பக்கங்களும் இருக்கின்றன. டின்டினின் காங்கோ கதையே அதற்குச் சாட்சி. வந்ததையெல்லாம் வாங்குங்கள் என்று நான் கேட்கவே இல்லை. நாவலையும் கவிதையையும் தேர்ந்தெடுத்துத்தானே வாங்குகிறீர்கள், இதையும் அப்படித் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்களைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

காமிக்ஸ் என்றாலே குழந்தைகள் பகுதி என்று ஒதுக்குவதையும் விட வேண்டும். யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து, வதைமுகாமிலிருந்து தப்பிய தம் தந்தையின் கதையைச் சொன்ன ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. ஈரானியப் புரட்சிக்கு நடுவே ஒரு சிறுமி வளர்ந்த கதையை மர்ஜான் சத்ரபி கனத்த கறுப்பு வெள்ளையில் வரைந்தார். இவை பெரியவர்கள் உட்கார்ந்து, மெதுவாகப் படிக்க வேண்டியவை. நம் குடும்பங்களில் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்களின் கதையும், மலேயாவில் கொண்டுவிற்கப் போனவர்களின் கதையும், இங்கே வளவில் காத்திருந்த ஆச்சிகளின் கதையும் இருக்கின்றன. ஆச்சி வைத்திருந்த கடிதக் கட்டு, கணக்கு நோட்டு, ரங்கூன் பெட்டி இவற்றைப் பார்த்துப் பார்த்து வரையக்கூடிய ஒரு கிராஃபிக் நாவல் நம் பிள்ளைகளில் யாரோ ஒருவரின் கைக்குள் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்படி ஒரு வடிவம் இருக்கிறது என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது.

கட்டடம் வேண்டுமே என்பீர்கள். பிரசல்ஸ் நகரத்து காமிக்ஸ் அருங்காட்சியகம் புதுக் கட்டடம் இல்லை. விக்டர் ஓர்த்தா என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் 1906இல் கட்டிய ஜவுளிக் கிடங்கு அது. கடை மூடி, பாழடைந்து கிடந்ததைச் சீர்செய்து 1989இல் காமிக்ஸுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கட்டடம் பிழைத்ததே அதனால்தான். ஜப்பானில் கியோட்டோ மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) அருங்காட்சியகம் 2006இல் திறந்தது, பிள்ளைகள் இல்லாமல் மூடிய ஒரு பழைய தொடக்கப் பள்ளியில். சுவர் முழுக்க அலமாரி. யாரும் எடுத்துப் படிக்கலாம், புல்வெளியில் படுத்துக்கொண்டும் படிக்கலாம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் மூடிய பள்ளிக்கும் நம் ஊர்களில் பஞ்சம் இல்லை. ஆனாலும் அத்தனை பெரியதை எடுத்த எடுப்பில் நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு நூலகத்திலும் கலைப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி காமிக்ஸுக்கு வேண்டும். அதில் எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். பழைய இதழ்களை யாராவது கொண்டுவந்தால், பார்க்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். கரையான் படாத கண்ணாடி பீரோ ஒன்றைக் காரைக்குடியில் ஏதாவது ஒரு நூலகத்தில் அதற்கென்று வையுங்கள், எல்லா ஊரிலிருந்தும் அங்கே அனுப்பிக்கொள்ளலாம். புத்தகம் வாங்கும் பணத்தில் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கினால் போதும். இப்போது தமிழில் காமிக்ஸ் பெரும்பாலும் சந்தாவிலும் புத்தகத் திருவிழாவிலும்தான் கிடைக்கிறது, அச்சடிக்கும் பிரதிகளும் குறைவு. ஒரு நூலகம் சந்தா கட்டினால் பதிப்பாளருக்கும் அது ஒரு பலம். அப்புறம், காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து கம்பனைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த விழா நாட்களில் ஒரு ஓரத்தில், பிள்ளைகள் கம்பனின் ஏதாவது ஒரு பாட்டைக் கட்டங்களாக வரைந்து மாட்ட இடம் கொடுக்கலாம். குகப் படலத்துக் குகன் ஒருவனைப் பத்துப் பிள்ளைகள் பத்து விதமாக வரைவார்கள்.

புத்தகத் தேர்வுக்கு உதவத் தயாராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் எந்த ஊருக்கு வரச் சொன்னாலும் வந்து பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், அதற்குப் பணம் எதுவும் வேண்டாம். நான் சேர்த்துவைத்திருக்கும் இதழ்களையும், பீரோ தயாரான அன்றைக்கே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். இப்போதும் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் காமிக்ஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த தை மாதம் அந்த வீட்டைக் காலி செய்கிறார்களாம். அதற்குள் உங்களில் யாராவது ஒருவர் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
காரைக்குடிப் பக்கத்து ஓவிய ஆசிரியர் ஒருவர்